சாம்பியனின் வலது முட்டி

பகல் சாப்பாடு முடிந்ததும் எங்கள் கிடங்கு அதிகாரி சுவரோரப் பெஞ்சில் ஏறி, வலது காலை அதன்மேல் நீட்டி உட்காருவார். இடது கால் செருப்போடு கீழே தொங்கும். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, இரண்டாக மடித்து, வலது முட்டிக்கு அடியில் செருகுவார். தொடையை இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு, "இழு தம்பி" என்பார்.

நான் இழுக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது யாரும் சொல்லாத வேலை இது. கைக்குட்டை சிக்கி நின்றால் முட்டி முழுதாக நிமிர்கிறது என்று பொருள். கையோடு வந்துவிட்டால் இன்னும் வளைவு இருக்கிறது. தொடக்கத்தில் அது ஈரச் சோப்புபோல வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பழி என்மேல் விழும்.

"கிணத்துத் தண்ணியா இறைக்கிறே? மெதுவா இழுடா."

அவர் வேகநடைச் சாம்பியன். அதற்காகத்தான் குடிநீர்க் குழாய்க் கிடங்கில் இந்த வேலையே கிடைத்தது. ரப்பர் வளையங்களுக்கான அலமாரியில் கோப்பைகள் நிற்கும். வளையங்கள் தரையில் கிடக்கும். புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கோப்பைகளைப் பார்த்தாக வேண்டும், பிறகுதான் குழாய்.

"நடக்கிறதுக்குக் கோப்பையா சார்? நானும் பொறந்ததுலேருந்து நடக்கிறேன், ஒரு டம்ளர்கூட எவனும் தரலை" என்பார் லாரி டிரைவர்.

"உனக்கு முட்டி மடங்குதுய்யா. மடங்கினா அது நடை இல்லை, ஓட்டம்."

இந்த ஒன்றை மட்டும் அவர் சரியாகச் சொன்னார். வேகநடையில் முன்னால் வைக்கும் கால், தரையைத் தொட்டது முதல் உடலுக்கு நேர்கீழே வரும்வரை மடங்கக் கூடாது. மடங்கினால் நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார். மூன்று நடுவர்கள் எழுதிவிட்டால் வெளியே போக வேண்டியதுதான்.

மற்ற வீரர்களுக்கு மைதானத்தில் அடிபடும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த ஆனை சறுக்கியது ஒரு ஸ்டூலிலிருந்து. மேலதிகாரியின் படத்துக்குக் கீழே தன் படம் இருப்பது பொறுக்காமல், அதை ஒரு சாண் மேலே மாட்ட ஏறியிருக்கிறார். வலது முட்டிச் சில்லு இரண்டாக உடைந்தது. ஆணியை மட்டும் கையிலிருந்து விடவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு முட்டியை நிமிர்த்த வந்தவர் அவருடைய மச்சினி. ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். வேலை முடிந்து, முகத்தில் களைப்போடு, எங்கள் கிடங்கின் நீண்ட சிமெண்டுத் தளத்துக்கு வந்துவிடுவார். அக்கா புருஷன் என்பதால் சம்பளம் கிடையாது. கிடைத்ததெல்லாம் வசவுதான்.

"ஐயோ, கொல்றாளே! அக்காவை எனக்குக் கட்டி வச்ச கோபத்தை எல்லாம் என் கால்லயா காட்டுறே?"

"முட்டி நிமிரணுமா வேணாமா மாமா?"

"நிமிராம போகட்டும், அப்புறம் இருக்கு உனக்கு."

ஒருநாள் மச்சினி, "அந்தக் காலையும் நீட்டுங்க. இத்தனை மாசமா பாரமெல்லாம் அதுதானே தாங்குது, இறுகிப் போயிருக்கும்" என்றார்.

"அது சாம்பியன் கால். உன் கைவரிசையெல்லாம் இந்த உடைஞ்ச காலோட நிறுத்திக்கோ."

மச்சினி மறுபடியும் வலது முட்டியை அழுத்தினார்.

கைக்குட்டை ஒருநாள் வர மறுத்தது. இருமுறை இழுத்தேன், கிழிகிற சத்தம்தான் கேட்டது. அதிகாரி துள்ளி எழுந்து, "பார்த்தியா, மன உறுதி!" என்றார். பக்கத்தில் நின்ற மச்சினியின் கட்டைவிரல்கள் சிவந்திருந்தன. அந்த விரல்களை அதிகாரி பார்க்கவே இல்லை.

அவர் மறுபடி களமிறங்கிய போட்டி ஊர் வட்டச்சாலையில் நடந்தது. நான் தண்ணீர் பாட்டிலோடு ஓரத்தில் நின்றேன், எதிர்ப்பக்கம் மச்சினி. பாதித் தூரத்துக்குள் அதிகாரியின் எண்ணுக்கு நேரே நடுவர்களின் அறிவிப்புப் பலகையில் இரண்டு சிவப்புக் குறிகள். இன்னொன்று விழுந்தால் எல்லாம் முடிந்தது. அவரும் பார்த்துவிட்டார். மச்சினியைக் கடக்கும்போது நடையை விடாமலே கத்தினார்:

"கெடுத்தாச்சா? சந்தோஷமா? அரைகுறை வேலை!"

அதன்பிறகு ஒவ்வொரு அடிக்கும் வலது காலையே குனிந்து பார்த்துக்கொண்டு போனார், கூடையில் முட்டை இருப்பதைப் பார்த்துப் பார்த்து நடப்பவர்போல. மூன்றாவது குறி விழவில்லை. கடைசிச் சுற்றில் முன்னால் போன இளைஞனைத் தாண்டி முதலாவதாக வந்தார். பழைய வேகம் அப்படியே இருந்தது, மறுக்க முடியாது. பழைய ஆளும் அப்படியே இருந்தார்.

மேடையில் மைக் கையில் கிடைத்தது.

"வீட்டு ஆளை நம்பிக் காலைக் குடுத்தேன். ரெண்டு சிவப்பு அட்டை வாங்கிக் குடுத்தாங்க. மிச்சத்தை என் மனசு நிமிர்த்திச்சு."

கூட்டம் சிரித்தது. மச்சினி அவருடைய துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அக்கா கூப்பிட்டும் அதன்பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இந்த ஆளு ஆடவும் செய்றாரு, கூடத்தையும் திட்டுறாரு" என்றார் லாரி டிரைவர்.

சில வாரம் கழித்து, பள்ளிக்கூடத்துக்கு வால்வு வாங்க ஒரு உடற்பயிற்சி ஆசிரியர் வந்தார். அதிகாரி எங்கோ பாராட்டு விழாவுக்குப் போயிருந்தார். ஆசிரியர் சுவரிலிருந்த படத்தை அண்ணாந்து பார்த்தார். அது இப்போது மேலதிகாரியின் படத்துக்கு மேலே இருந்தது.

"அன்னிக்கு அட்டை எழுதினதுல ஒருத்தன் நான்தான்" என்றார்.

"முட்டி சரியா நிமிரலையா சார்?" என்று கேட்டேன்.

"ஆபரேஷன் பண்ண காலா? அதை நிமிர்த்தினவங்க கைக்கு மோதிரமே போடலாம், கம்பி மாதிரி நின்னுது. மடங்கினது இடது கால் தம்பி. நானும் அதுக்குத்தான் எழுதினேன், இன்னொருத்தரும் அதுக்குத்தான் எழுதினார்."