ஒற்றைக் காலர் யானை

பழைய பட்டாளத்து பேட்ஜுகளை அடையாளம் சொல்லும் தொழிலில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு: நாம் தப்பாகச் சொன்னாலும் உரியவர் எழுந்து வந்து மறுத்துப் பேச மாட்டார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தொழில் என்றா சொன்னேன்? தொழில், கல்கத்தா லேக் கார்டன்ஸில் காப்பிப்பொடியும் அப்பளமும் விற்பது. பேட்ஜ் வெறும் பித்து. தராசுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். உங்களில் யாருக்காவது இதே பித்து இருந்தால், வீட்டில் நமக்கு என்ன மரியாதை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் கட்சிக்கு இரண்டே சட்டம். முதலில் பேட்ஜின் முதுகைப் பார்க்க வேண்டும். என்ன ஆனாலும் பாலிஷ் மட்டும் போடக் கூடாது. அந்தக் கறுப்புதான் அதன் வயசுக்குச் சாட்சி.

துருதான் என்றேன்

காப்பிப்பொடி வாங்க வந்த ஒரு வங்காளிப் பெரியவர், பேப்பரில் மடித்த பேட்ஜ் ஒன்றை நீட்டினார். ஏலத்தில் எடுத்த பழைய டிரங்குப் பெட்டியில் கிடந்ததாம். பெட்டி வந்த நாளிலிருந்து அவர் வீட்டு நாய் அந்த அறைக்குள் கால் வைப்பதில்லையாம். பேட்ஜின் முதுகில், ஊசியில் மாட்டிக்கொண்டு நகத்தளவு காக்கித் துணி. துணியில் பழுப்பாக ஒரு கறை.

கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "துருதான்" என்றேன். பேட்ஜும் பித்தளை, ஊசியும் பித்தளை. பித்தளை துருப்பிடிக்காது என்பது அவருக்கு நினைவு வருவதற்குள் காப்பிப்பொடியைக் கட்டிக் கொடுத்து அனுப்பப் பார்த்தேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். பேட்ஜைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு, வங்காளி வழக்கப்படி என்னை அண்ணன் ஆக்கிச் சொன்னார்: "துருன்னா நீங்களே வச்சுக்குங்க தாதா. எங்க நாய்க்கு உங்களைவிட நல்லாத் தெரியும்."

நான் சொன்ன தீர்ப்பு

கமலா மாஷிமா தமிழ்க்காரர்தான். பிறந்ததிலிருந்து டாலிகஞ்சில் இருப்பதால் எல்லோருக்கும் மாஷிமா, அதாவது சித்தி. எண்பது தாண்டியவர். போன ஆனி மாதம், அப்பளக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலர் பேட்ஜை வைத்தார். துதிக்கையைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் பார்க்கும் யானை. பொன் மாதிரிப் பளபளத்தது. யானையின் கண்ணும் தந்தமும் தேய்ந்து வழவழவென்று இருந்தன. முதுகில் ஆணியால் கீறிய சிப்பாய் எண், 417.

நான் மேதாவி இல்லையா? ஒரே பார்வையில் தீர்ப்புச் சொன்னேன். "போலி, மாஷிமா. இத்தனை வருஷத்துப் பித்தளை இப்படி மின்னாது. எண்ணைக்கூட இப்ப போலி செய்யறவங்களே கீறித் தர்றாங்க."

அவர் கோபப்படவில்லை. அப்பா பர்மா சண்டைக்குப் போகும்போது இவருக்கு இரண்டு வயது. ஹவ்ரா ஸ்டேஷனில் தன் காலரிலிருந்து ஒரு யானையைக் கழற்றி, குழந்தையின் கவுனில் குத்திவிட்டு ரயில் ஏறினாராம். அப்புறம் கடிதமும் இல்லை, தந்தியும் இல்லை. பட்டாளத்தை விட்டு ஓடி ரங்கூனில் வேறு குடும்பம் வைத்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அம்மா கடைசி வரை குங்குமத்தை அழிக்கவில்லை. செத்தார் என்று தெரியாமல் அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆள் எந்தப் படையில் இருந்தார், ஓடினாரா செத்தாரா என்பதைத் தன் காலத்துக்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் மகளின் ஆசை.

"அப்படின்னா இதை வாராவாரம் நீங்களே துடைக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"நானா? அம்மா போனப்ப பெட்டியைப் பூட்டினேன் தம்பி, நாப்பது வருஷம் ஆச்சு. நேத்துதான் திறந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை வாசனை

படையைத் தேடிப் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். கல்கத்தா மழைக்காலம் உங்களுக்குத் தெரியும். செருப்பில் காளான் முளைக்கும். என் அலமாரியில் இருந்த பித்தளை எல்லாம் வழக்கம்போல் கறுத்தது. யானை மட்டும் மின்னியது. ஞாயிறு காலையில் அலமாரியைத் திறந்தால் மெட்டல் பாலிஷ் வாசனை. என் வீட்டில் பாலிஷ் டப்பாவே கிடையாது.

யானையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்தும் போட்டேன். அடுத்த ஞாயிறு டேப் அப்படியே இருந்தது, கையெழுத்தும் கலையவில்லை. உள்ளே யானையின் காலிடுக்கில், காய்ந்த பாலிஷின் வெள்ளைப் பொடி. அப்போதுதான் அந்தத் தேய்மானத்தின் அர்த்தம் உறைத்தது. பட்டாளத்தில் நாலைந்து வருஷம் துடைத்தால் கண்ணும் தந்தமும் அழிந்து போகாது. அதற்கு ஓர் ஆயுள் முழுக்கத் துடைக்க வேண்டும்.

பின்னால் வந்து நின்ற என் மனைவி மூக்கைச் சுளித்தாள். "ஊருக்கெல்லாம் பாலிஷ் போடாதேன்னு சொல்லுதீங்க, இந்த ஒண்ணை மட்டும் வாராவாரம் ஒளிச்சு வச்சுத் துடைக்கீங்களே!"

மலையிலிருந்து வந்த பை

துர்கா பூஜைக்குச் சில வாரம் முன்னால் நாகாலாந்து வியாபாரி வந்தார். வருஷத்துக்கு ஒரு முறை, பர்மா சண்டை வந்து முட்டிய அந்த மலையில் தோண்டி எடுத்த பொத்தான், பெல்ட் பக்கிள், பேட்ஜ் எல்லாம் மண்ணோடு ஒரு துணிப்பையில் கொண்டு வருவார். கொட்டியதும் என் கண் ஒன்றின் மேல் நின்றது. பச்சைக் களிம்பு பிடித்த யானை. வலது பக்கம் பார்க்கிறது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காலர் பேட்ஜ் எப்போதும் ஜோடி. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும். முதுகைத் திருப்பினேன். மண்ணை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தபோது எண் தெரிந்தது. 417. அதே கோணல் கை.

எங்கே கிடைத்தது என்று கேட்டேன். மலை உச்சியில், எதிரி வந்த பக்கம் பார்த்து வெட்டிய முதல் வரிசைக் குழியில் என்றார். எலும்புகளை எடுக்கவில்லையாம், மூடிவிட்டு வந்தார்களாம். ஓடுகிறவன் அங்கே போய்க் கிடக்க மாட்டான். நான் யானையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, தன் பேரில் குறை வராமல் இருக்க அவர் அவசரமாகச் சொன்னார்: "காலர்ல ஒண்ணுதான் இருந்துச்சு ஸார். இன்னொண்ணை ரொம்ப நேரம் தேடினோம்."

அமாவாசைக்குப் பிறகு

இரண்டு யானைகளையும் எடுத்துக்கொண்டு டாலிகஞ்ச் போனேன். போலி என்று சொன்னதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். எந்தப் படை என்று தெரியவில்லை, ஆனால் ஓடவில்லை என்று அந்த முதல் வரிசைக் குழியைப் பற்றிச் சொன்னேன். மாஷிமா அவற்றை மேஜையில் எதிரெதிராக வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சால்ட் லேக்கில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு, மஹாளய அமாவாசைக்கு லீவு எடுக்கச் சொன்னார். கங்கைக் கரையில் அந்தக் கூட்டத்தில் மகன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தாத்தாவின் பெயரை முதல் முறையாகச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தார். படியில் நின்று மாஷிமா அழுதார். நானும் அழுதேன்.

ஜோடியை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அடுத்த ஞாயிறு அலமாரியைத் திறந்தேன். வாசனை இல்லை. காளி பூஜைக்குள் மாஷிமா வீட்டு யானை மற்ற பேட்ஜுகளைப் போலவே கறுத்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் மின்னியது நம்மிடம் வந்து கறுக்கலாமா? சட்டத்தை மீறி ஒரு தடவை பாலிஷ் போடட்டுமா என்று போனில் கேட்டேன்.

மாஷிமா சிரித்தார். "வேண்டாம் தம்பி, விட்டுடு. அப்பாவுக்கு ட்யூட்டி முடிஞ்சுபோச்சு."

ஆகவே சக பித்தர்களே, எதையாவது போலி என்று அடித்துச் சொல்வதற்கு முன்னால் முகத்தையும் முதுகையும் பார்த்துவிட்டு, எங்கிருந்தாவது பாலிஷ் வாசனை வருகிறதா என்று ஒரு தடவை மூச்சையும் இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.