ரத்த வங்கியிலிருந்து வந்த போன்

கோட்டைமேட்டில் தையல் கடை வைத்திருந்த அப்துல் வஹீது, மச்சானின் ஆபரேஷனுக்காக முதல்முறையாக ரத்தம் கொடுத்தார். மூன்றாம் நாள் ரத்த வங்கியிலிருந்து போன். “நேர்ல வந்துட்டுப் போங்க. போன்ல சொல்ற விஷயமில்லீங்க.”

அங்கிருந்த பெண் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: ஹெபடைட்டிஸ் பி. அதற்குமேல் அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. ரத்தத்தில் கிருமி. அது மட்டும்தான் விளங்கியது.

மனைவி சாஜிதா பேகத்திடம் சொல்ல வாய் வரவில்லை. தட்டையும் டம்ளரையும் தனியே வைத்துக்கொண்டார். நாலு வயது மகள் அஃப்ஷீன் ஓடிவந்தால் விலகிப்போனார். கண் மஞ்சளாகிறதா என்று நாளைக்குப் பத்துத் தடவை கண்ணாடி பார்த்தார். விரலில் ஊசி ஏறி ஒரு பொட்டு ரத்தம் ரவிக்கைத் துணியில் பட்ட அன்று கடையையே பூட்டிவிட்டார்.

எட்டாம் நாள் சாஜிதா எதிரே வந்து உட்கார்ந்தாள். “ஏனுங்க, எங்கிட்ட என்ன குத்தம் கண்டீங்க? புள்ளையக்கூடத் தொட மாட்டேங்கறீங்க.”

ரத்த வங்கிச் சீட்டை நீட்டினார். “உங்களுக்கெல்லாம் குடுத்துப்போட்டனோன்னு பயமா இருக்குது.”

சீட்டை வாங்கி அவள் இரண்டு தடவை படித்தாள். “பயந்துட்டு ஊட்லயே உக்காந்திருந்தாத் தெரியுமாங்க? நாளைக்கே ஆஸ்பத்திரி போலாம்.”

“ஒண்ணாச் சாப்பிட்டா, குழந்தையைத் தூக்குனா ஒட்டாதுங்க” என்றார் டாக்டர். “ரத்தம், தாம்பத்தியம், பிரசவத்துல தாய்கிட்ட இருந்து புள்ளைக்கு. இப்படித்தான் வரும். பிளேடு, பிரஷ் மட்டும் தனியா வச்சுக்கங்க.”

மூவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர இரண்டு நாள். இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. சாஜிதாவுக்குக் கிருமி இல்லை. அன்றே முதல் தடுப்பூசி போட்டார்கள். மகளுக்குப் பிறந்தபோதே போட்டிருந்தது, அவளுக்கும் ஒன்றுமில்லை. வஹீதுக்கு ஈரல் கெடவில்லை. மாத்திரை இப்போது வேண்டாம், ஆறு மாதத்துக்கொருமுறை பரிசோதனை போதும்.

மூச்சு விடுவதற்குள் டாக்டர் கேட்டார்: “அம்மா எப்படி இறந்தாங்க? கூடப் பொறந்தவங்க உண்டா?”

வயிறு வீங்கிப்போய் நாற்பத்தைந்தில் இறந்த அம்மாவைப் பற்றி வஹீது சொன்னார். “அவங்ககிட்ட இருந்தே வந்திருக்கலாம். கூடப் பொறந்தவங்களையும் பாத்துடணுங்க” என்றார் டாக்டர். அண்ணன் இல்யாஸ் ஈரோட்டில் ஜவுளி வியாபாரி. வஹீது விஷயத்தைச் சொன்னதும் போனில் சிரித்தார். “நான் கல்லாட்டம் இருக்கறன்டா.”

மறுநாளே வஹீது பஸ் ஏறிப்போய் அவரைக் கையோடு பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். இல்யாஸுக்கும் கிருமி இருந்தது. ஈரலில் தழும்பு விழத் தொடங்கியிருந்தது. மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்றார்கள்.

ஆறு மாதம் கழித்து அண்ணனின் ரத்தத்தில் கிருமி வெகுவாகக் குறைந்திருந்தது. அந்த முடிவு வரும்வரை அண்ணனும் தம்பியும் ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.