பல்லக்காவும் இருநூற்றுப் பதினான்கு அழைப்புகளும்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. பல் செட் செய்கிற அக்கா என்பது வாயில் புழங்கிப் புழங்கிப் 'பல்லக்கா' ஆகிவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. மூன்றாவது மாடியில் வீடு, சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் பட்டறை. நகரத்துப் பல் மருத்துவர்கள் ஆறு பேர் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சுகளை அவளுக்கு அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாகப் பதிப்பாள். ஒரு பல் அரை மயிரிழை தள்ளி நின்றாலும் போட்டுக்கொள்கிறவருக்குப் பேச்சு குழறும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் எந்தப் பல் இல்லாவிட்டால் எந்த எழுத்து கெடும் என்பதும் அவளுக்கு மனப்பாடம்.

டாக்டர்கள் கூப்பிடுவது வீட்டு போனில்தான். பதினெட்டு வருஷமாக அதே நம்பர். "நிறத்தை ஒரு படி குறைச்சுடுங்க", "நாளைக்கே வேணும்" என்று எந்த நேரமும் அழைப்பு வரும். எடுக்காமல் விட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அந்த நம்பர் எப்படியோ, மலை விடுதிக்குச் சந்தா சேர்க்கிற ஒரு விடுமுறை கிளப்காரர்களின் கையில் சிக்கியது.

"வாழ்த்துகள் மேடம்! குலுக்கல்ல உங்க நம்பர் விழுந்திருக்கு. மூணு நாள் மலை விடுதியில இலவசமா தங்கலாம்!"

"நான் எந்தக் குலுக்கல்லயும் கலந்துக்கலையே?"

"அதான் மேடம் அதிர்ஷ்டம்!"

முதல் தடவை சிரித்துவிட்டு வைத்தாள். மறுநாள் நான்கு அழைப்பு. அதற்கடுத்த நாள் ஏழு. விளம்பர அழைப்பு வேண்டாம் என்போர் பட்டியலில் அவள் நம்பரை எப்போதோ பதிந்து வைத்திருந்தாள். அதைச் சொன்னால், "அது மத்த கம்பெனிங்களுக்கு மேடம்" என்றது ஒரு குரல். கோபமாகத் திட்டினால் அடுத்த ஐந்து நிமிடத்தில் வேறொரு குரல், வேறொரு நம்பர்.

அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். மதியம் இரண்டு மணி நேரம் வீட்டில் கண்ணயர்வார். மூன்றாவது வாரத்தில் அவருக்கும் பொறுமை போய்விட்டது.

"வயரைப் பிடுங்கிப் போடும்மா. நிம்மதியா தூங்கலாம்."

"பிடுங்கிட்டா டாக்டருங்க எங்க கூப்பிடுவாங்க? தோசைக் கல்லுலயா?"

அவர் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. பணி ஓய்வு பெறப்போகும் ஒரு தலைமை ஆசிரியைக்கு மேல் செட். வியாழக்கிழமை அவர் மேடையில் நின்று பேச வேண்டும். பல்லக்கா பதினான்கு பற்களையும் மெழுகில் வரிசைப்படுத்திவிட்டு, கடைசியாக ஈறு ஓரத்தைச் சுடரில் காட்டி வழவழப்பாக்கிக் கொண்டிருந்தாள். போன் அடித்தது. டாக்டராக இருக்கும் என்று மாதிரியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

"வாழ்த்துகள் மேடம்!"

திரும்பி வந்தபோது, அவசரத்தில் சுடருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்ட மெழுகு உருகி வழிந்திருந்தது. பற்கள் மேஜை முழுக்கச் சிதறிக் கிடந்தன. இரண்டு நாள் வேலை. அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாகப் பொறுக்கித் துடைத்து, ராத்திரி தூக்கத்தை விட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். புதன்கிழமை மாலை செட் தயாராகிப் போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை காலை அவள் தொலைபேசிக் குறைதீர்ப்பு அலுவலகத்தின் வாசலில் நின்றாள்.

முன் மேஜை குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நம்பரை மட்டும் வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அது தினம் மாறும். கம்பெனி பேரு, விலாசம், என்னைக்கு, எத்தனை மணிக்கு, யாரு பேசினாங்க… எல்லாம் வேணும். இருந்தா வாங்க."

"இருந்தா நடவடிக்கை எடுப்பீங்களா?"

"கொண்டு வாங்க, பார்ப்போம்."

இதைக் கேட்டுப் பலர் அதோடு கைகழுவியிருப்பார்கள். அவளோ வரும் வழியில் ஒரு நோட்டு வாங்கினாள். போன் பக்கத்தில் ஆணியடித்து, நூலில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டாள். அன்றிலிருந்து திட்டுவதை நிறுத்தினாள். தேதி, மணி, போனின் சின்னத் திரையில் தெரியும் நம்பர், சொன்ன பொய், எல்லாம் எழுதினாள். பேர் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அதனால் அவளே வைத்தாள்: இருமல்காரர், அவசரக்காரி, விசில் சார். இந்த விசில் சார் எப்போதும் மதியம் இரண்டே முக்காலுக்கு வருவார். 'சலுகை' என்று அவர் சொன்னால் ச-வில் ஒரு சீழ்க்கை கிளம்பும். விழுந்த மேல் முன்பல்லுக்குப் பதிலாகப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டிய 'பாலம்' ஆடுகிறது என்று அவள் ஓரத்தில் குறித்து வைத்தாள்.

விலாசம்தான் கிடைக்கவில்லை. கேட்டாலே போனை வைத்துவிடுவார்கள். ஒருநாள் விசில் சார் வந்தபோது அவள் குரலில் தேனைக் குழைத்தாள்.

"எனக்கு ஆசைதான் சார். எங்க வீட்டுக்காரர்தான் எழுத்துல பார்த்தாத்தான் நம்புவேன்கிறார். தபால்ல அனுப்புவீங்களா?"

"தாராளமா மேடம்! விலாசம் சொல்லுங்க."

ஐந்தாம் நாள் கனமான உறை வந்தது. பளபளக்கும் தாளில் மலை, ஏரி, சிரிக்கும் குடும்பம். அடியில் கம்பெனி பேர், பதிவு எண், முழு விலாசம், மேலாளர் கையெழுத்து. கணவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்படி வந்து மாட்டிக்கிட்டாங்களே! அடி சக்கை!" என்றார். அன்று மதியம் அவர் தூங்கவில்லை. நோட்டைப் பக்கம் பக்கமாக நகல் எடுத்து வந்தார். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு அழைப்புகள்.

நோட்டோடு புகார் கொடுத்து ஒரு மாதம் கழித்து அதே அலுவலகத்தில் விசாரணை நடந்தது. நீள மேஜையின் தலைப்பக்கத்தில் ஒரு பெண் அதிகாரி. எதிரே டை கட்டிய மேலாளர், நல்ல உயரம், நல்ல சட்டை. அதிகாரி நோட்டைப் புரட்டினார்.

"பக்கம் பூரா வெள்ளைக் கறையா இருக்கே, என்னது?"

"பிளாஸ்டர் மேடம். வேலைக்கு நடுவுல ஓடி வந்து எழுதுவேன். கை கழுவ நேரம் இருக்காது."

அதிகாரி மேலாளரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"சத்தியமா சொல்றேன் மேடம், எங்களுக்கு சம்பந்தமே இல்ல. எங்க ஆபீஸ்ல இருந்து இவங்களுக்கு ஒரு போன்கூடப் போகல."

சத்தியத்திலும் சம்பந்தத்திலும் சீழ்க்கை பறந்தது. பல்லக்கா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் காதில் மட்டும் கேட்ட ஆள் இதோ முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பளபளத்த உறையை எடுத்து நீட்டினாள்.

"அப்போ இந்த உறையை யாரு அனுப்பினா சார்?"

"நீங்க கேட்டீங்க, அனுப்பினோம்."

"நீங்க கூப்பிடவே இல்லைன்னா, நான் கேட்டது உங்க காதுக்கு எப்படி வந்துச்சு?"

மேலாளர் டையைத் தளர்த்தினார்.

"அவங்கதான்… அவங்கதான் எங்க ஆபீசுக்கு போன் பண்ணாங்க."

அதிகாரி ஒரு காகிதக் கட்டைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். தொலைபேசி நிலையத்திலிருந்து வரவழைத்த அவள் வீட்டு இணைப்பின் பதிவு. அதில் அந்தக் கம்பெனிக்கு அவள் பேசியதாக ஒரு வரியும் இல்லை. அவள் நோட்டு எழுதிய நாட்களில் வந்த அழைப்புகளோ நோட்டில் இருந்தபடியே வரிசை மாறாமல் இருந்தன. எல்லாமே அந்தக் கம்பெனி வாங்கியிருந்த இணைப்புகளிலிருந்து வந்தவை.

"இருநூற்றுப் பதினாறு இருக்கே," என்றார் அதிகாரி. "ரெண்டு விட்டுட்டீங்களா?"

"அன்னைக்குக் குளிச்சிட்டு இருந்திருப்பேன் மேடம்."

அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். மேலாளருக்கு முகம் சுண்டிப்போனது. எழுத்தில் மன்னிப்பு, அபராதம், அவர்கள் இணைப்புகள் அத்தனையும் துண்டிப்பு என்று உத்தரவு வாசிக்கப்பட்டது. அவள் நம்பரை உடனே நீக்குவதாக மேலாளர் முனகினார்.

"என் நம்பரை மட்டும் எடுத்தா போதாது மேடம்," என்றாள் பல்லக்கா. "விளம்பரம் வேண்டாம்னு பதிஞ்சு வெச்ச எல்லாரோடதும் அவங்க லிஸ்டுல இருந்து போகணும்."

அதிகாரி பேனாவை எடுத்து, உத்தரவில் அந்த வரியையும் சேர்த்தார்.

வெளியே வந்ததும் படியில் மேலாளர் அவளைத் தாண்டிப் போகப் பார்த்தார். அவள் மெதுவாகச் சொன்னாள்: "மேல் வரிசைப் பாலம் ஆடுது சார். சீக்கிரம் ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. முழுங்கிடப் போறீங்க." அவர் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

செய்தி தெருவுக்கு அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது, கணவரின் உபயம். அந்த வாரமே கீழ்வீட்டுத் தையல்காரர் வந்தார். "எனக்குக் கடன் வேணுமான்னு தினம் பத்துப் போன் பல்லக்கா. என்ன எழுதணும்?" அவருக்குப் பின்னால் மாவு மில்காரம்மா, மருந்துக்கடைக்காரர். பட்டறை மேஜையைத் துடைத்துவிட்டு அவர்களுக்குக் கோடு போட்டுக் காட்டினாள்: தேதி இங்கே, மணி இங்கே, பொய் இங்கே.

இரண்டு மாதம் கழித்து ஏழு நோட்டுகளோடும் ஏழு பேரோடும் அவள் மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போனாள். முன்பு நிமிர்ந்து பார்க்காத குமாஸ்தா இந்தத் தடவை எழுந்து, பக்கத்து அறையிலிருந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்கம்மா. இன்னைக்கு யாரைப் பிடிச்சிட்டு வந்திருக்கீங்க?"

"ஒருத்தரா ரெண்டு பேரா?" என்று சொல்லிக்கொண்டே பல்லக்கா முதல் நோட்டைத் திறந்தாள்.