எனக்கென ஒதுக்கிய இடத்தில் ஒரு கல்

இராஜாக்கமங்கலத்தில் எங்கள் தென்னந்தோப்பிலேயே என் வீட்டுக்காரரை அடக்கம் செய்திருக்கிறோம். பக்கத்து இடம் எனக்கு. ஒருநாள் காலை அங்கே புதிதாக ஒரு கல் நின்றது. துபாயில் இருக்கும் மகன்தான் ஆள்வைத்து நட்டிருப்பான் என்று நினைத்து, சுற்றிலும் புல் பறித்துச் சுத்தமாக்கினேன். போனில் கேட்டால், "நான் ஒண்ணும் வைக்கல்லியே அம்மா!" என்றான்.

நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த தோப்பிலும் அதே கல். அதற்கடுத்த தோப்பிலும். கடல்வரை ஒரே நேர்கோடு.

போய்க் கேட்டதும் கிராம நிர்வாக அலுவலர் குரலைத் தாழ்த்தினார். "ஏதோ கம்பெனிக்காக அரசாங்கம் அளந்து கல்லு நட்டிருக்கு. என்ன வருதுன்னு வெளிய சொல்லக்கூடாதாம். எனக்கே தெரியாது."

முன்பெல்லாம் கிராம சபைப் பக்கமே போகமாட்டேன். இப்போது முதல் ஆளாகப் போய் நின்று கேட்கிறேன்: "எனக்க குழியில யாரு வந்து படுக்கப் போறா?"