நாலு பேர் படுக்கும் அறை

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய சமயத்தில், ஓர் அதிகாரியிடம் ஏர்கண்டிஷனர் ஒன்றை வாங்கிப் படுக்கையறை ஜன்னலில் பொருத்தியிருந்தோம். ஐப்பசி மழையிலும் அதை ஓட்டுவேன். அந்த இரைச்சல் இல்லாவிட்டால் வீட்டின் அமைதியைத் தாங்க முடியவில்லை.

ஒருநாள் குளிர்காற்று நின்றுவிட்டது. வரவழைத்த மெக்கானிக் அதன் மூடியைக் கழற்றினார். உள்ளே குழாயெல்லாம் வெள்ளையாக ஐஸ் பிடித்திருந்தது. வடிகட்டியைப் பார்த்தார், அழுக்கில்லை.

"இந்த ரூம்ல எத்தினி பேரு படுக்கறீங்க முசியே?"

"நாலு பேர்" என்றேன்.

பொய். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பிரான்சுக்குக் கப்பலேறி ஆறு மாதமாகியிருந்தது. நான்தான் வர மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

"நாலு பேரு மூச்சு வுட்டா, அந்தச் சூட்டுக்கு இப்படி ஐஸ் புடிக்காதே" என்றபடி திரும்பியவர் கட்டிலைப் பார்த்தார். அதில் ஒரே தலையணை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் மூடியை மாட்டினார். "கதவ மட்டும் கொஞ்சம் தொறந்து வச்சிக்குங்க முசியே. வெளிக்காத்து உள்ள வந்தா சரியாப்பூடும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியே செய்தேன். அதன்பின் ஐஸ் பிடிக்கவில்லை. கதவை இன்றும் திறந்தேதான் வைத்திருக்கிறேன். காற்று மட்டும் வருகிறது.