நட்டத்தின் பேரில்

கோட்டைக் கணக்கில் புதுமுறை வந்த வருஷம் என் பொறுமையெல்லாம் போயிற்று. எங்கள் வழக்கப்படி பற்று எழுதினால் அது யாராவது ஓர் ஆளின் பேரில் இருக்கும். கூப்பிட்டால் வந்து நிற்க அவனுக்குக் காலும் இருக்கும். ஒல்லாந்து துரையோ ஆளே இல்லாத பேர்களுக்கும் பேரேட்டில் பக்கம் ஒதுக்கச் சொன்னார். செலவுக்கு ஒன்று, வட்டிக்கு ஒன்று, நட்டத்துக்கு ஒன்று. வெறும் பேர்தான், ஆனால் கணக்கு நிஜம் என்றார். தலையை ஆட்டிவைத்தேன். சம்பளம் அவர்தானே கொடுக்கிறார்.

அந்த மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் ஒரு படகு கவிழ்ந்து, கப்பலுக்குப் போன துணி மூட்டைகள் கடலோடு போயின. படகை எப்படியோ கரைசேர்த்துவிட்டான் அதன் தண்டல், அதாவது படகோட்டிகளின் தலைவன். மூட்டைக்கு ஈடாக அதைப் பிடுங்கிக்கொள்வார்களே என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தது அந்த ஒரு படகுதான். துரையிடம் பேசிவிட்டு வந்து நான் சொன்னேன்:

"உன் பேர்ல எழுதல. நட்டத்தின் பேர்ல எழுதியாச்சு."

கையெடுத்துக் கும்பிட்டான். "யாருங்க அந்தப் புண்ணியவான்?"

அங்கேயே விளக்கியிருக்கலாம். நல்ல பசி நேரம். "கோட்டையிலதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மறுநாள் அவன் பெண்டாட்டி ஒரு கூடை நண்டோடு வந்தாள். "நட்டம் ஐயாவுக்கு. அவருக்குப் பொண்டாட்டி புள்ளைங்க?"

"யாரும் இல்லம்மா."

"அடப் பாவமே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன்பிறகு வாராவாரம் நண்டு வந்தது. பேருக்கு அவருக்கு, வயிற்றுக்கு எனக்கு. துரையின் புதுமுறை அப்போதுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

இந்தப் பேரளவுக் கணக்குகளுக்கு ஆயுசு ஒரு வருஷம்தான். வருஷக் கடைசியில் அவற்றை முடித்து, மிச்சத்தைக் கோட்டையின் மூலதனமான ‘முதல்’ கணக்கில் தள்ளிவிட வேண்டும். அந்த வேலையில் மண்டை காய்ந்து உட்கார்ந்திருந்தபோது தண்டல் கூடையோடு வந்து நின்றான். எரிச்சலில் சொல்லிவிட்டேன்: "நட்டத்தை நேத்தே முடிச்சாச்சுப்பா. இனிமே கொண்டு வராத."

கூடை கீழே விழுந்தது. நண்டுகள் என் மேஜைக்கடியில் ஓடின. நான் அவற்றைத் துரத்திக்கொண்டிருந்ததில் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டொரு நாளில் மொட்டைத் தலையோடு வந்தான். கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்வதுபோல வைக்கோலில் ஆள் கட்டி, நட்டத்துக்கு அவனே கொள்ளி வைத்திருந்தான். பின்னால், கோட்டைப் படித்துறையில் அவன் படகு நின்றது. பெண்டாட்டி அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இன்னாய்யா இது?"

"கொள்ளி வெச்சவன்தான் கடனை ஏத்துக்கணும்னு எங்க வழக்கம், சாமி. அவர் பேர்ல இருந்த கடன் இப்போ என்னுது. படகை எடுத்துக்கோங்க."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இல்லாத ஒருவனுக்காக இருப்பதையெல்லாம் கொடுக்க வந்து நிற்கிறானே! சத்தம் கேட்டு வந்த துரையிடம் விஷயத்தைச் சொன்னேன். "படகு வந்தால் வரவு வை" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

எனக்கு வந்த கோபத்தில் புத்தி வேலை செய்தது.

"யோவ், நில்லு! நட்டத்துக்கு அப்பா இருக்காரு. பேரு முதல். புள்ளையோட கடனை அன்னிக்கே அவர் தலையில ஏத்தியாச்சு." இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, பேரேடும் அதையேதான் சொல்லும்.

தண்டல் தயங்கினான். "புள்ளைய பறிகொடுத்தவரு... ரொம்ப இல்லாதவரா, சாமி?"

"இந்தக் கிடங்கு, பீரங்கி, துரை உக்கார்ற நாற்காலி எல்லாம் அவருதுதான்."

அவன் கோட்டையை மேலும் கீழும் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"இம்மாம் சொத்து வெச்சிக்கினு, பெத்த புள்ள சாவுக்கு எட்டிக்கூடப் பாக்கல. அவரெல்லாம் ஒரு மனுசனா? கட்டட்டும்!"

பெண்டாட்டியைப் படகில் ஏறச் சொல்லிவிட்டு, அதைத் தண்ணீரில் தள்ளினான்.