கல் பார்க்கப் போன சனிக்கிழமை

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்துக்கொண்டிருந்த காலம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை டவுன் கல்லூரியின் கல் மியூசியத்துக்கு அழைத்துப் போக ஆசைப்பட்டேன். அந்த ஆசையை என் தலையில் ஏற்றியவர் அக்காவின் புருஷன். பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார். அந்தக் கல்லூரியில் எட்டாவதோடு நின்றவர்தான், ஆனால் பேச்சைக் கேட்டால் கல்லூரியைக் கட்டியதே இவர் என்று தோன்றும். மியூசியத்துக்கு ஒரு கண்ணாடி அலுமாரி வாங்கிக் கொடுத்திருந்தார்.

"நானே கூட்டிட்டுப் போய் மாஸ்டர்கிட்டப் பேசுறேன். என் பேச்சுக்கு அங்க மறுபேச்சு கெடையாது" என்றார் அத்தான்.

சனிக்கிழமை காலையில் போனோம். மியூசியம் என்பது ஆய்வுகூடத்துக்குப் பின்னால் இருந்த ஓர் அறை. ஒரு மூலையில் கிரிக்கெட் கம்புகளும் கிழிந்த வலையும் கிடந்தன. மீதி இடத்தில் மூன்று அலுமாரிகள், ஈர வாடை. அத்தான் கொடுத்த அலுமாரியின் நெற்றியில் அவருடைய கடைப்பெயர் சிவப்புப் பெயின்டில் பளிச்சென்று இருந்தது. உள்ளே இருந்த கல்லின் பெயரைப் படிக்கத்தான் கண்ணாடியில் மூக்கை ஒட்ட வேண்டியிருந்தது.

மியூசியத்துக்குப் பொறுப்பான மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். லீவு நாளிலும் டை கட்டியிருந்தார். முதலில் இங்கிலீஷில் விளக்க ஆரம்பித்தார். அத்தான் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவதைப் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டுத் தமிழுக்கு இறங்கி வந்தார்.

நடு அலுமாரியில் வெல்வெட் துணியின் மேல், தோசைக்கல் அகலத்துக்கு நத்தைபோல் சுருண்ட ஒரு கல் இருந்தது. கடலில் நீந்தித் திரிந்த பிராணியாம், கல்லாகிப் போய்விட்டதாம். அழகாகத்தான் இருந்தது. அதைக் கொடுத்தது ஒரு தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை என்று சொல்லும்போது மாஸ்டரின் குரல் சாமி சந்நிதியில் பேசுவதுபோல் தாழ்ந்தது.

"இது எங்கங்க சார் கெடைச்சது?" என்று கேட்டேன்.

"இங்கிலாந்துக் கடற்கரையில, பிள்ளை."

பக்கத்தில் இருந்த மீன் எலும்பும் இங்கிலாந்து. இலைத்தடம் பதிந்த கறுப்புக் கல்லும் அங்கேதான், ஏதோ நிலக்கரிச் சுரங்கமாம்.

"நம்ம மலையில ஒண்ணுமே கெடைக்கலீங்களா?"

"இஞ்சத்தைக் கல்லில உயிரின்ர அடையாளம் ஒண்டும் இராது. உதுகளை விடச் சரியான பழைய கல் இது. சூட்டில வெந்து, நெரிபட்டு, உருமாறின கல்."

"அதுல ஒண்ணு வச்சிருக்கலாமே சார்."

"அதுதான் வெளியில எங்கையும் கிடக்குதே. ஆர் வந்து பாக்கிறது?"

அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்காமல், வந்த காரியத்தைச் சொன்னேன். மாஸ்டர் டையைத் தடவிக்கொண்டார்.

"தோட்டத்துப் பிள்ளையளோ? குறை நினைக்காதையுங்கோ. கண்டபடி தொட்டுப்போடுவினம். விலைமதிக்கேலாத சாமான்கள்."

அத்தான் அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக மைதானத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் கார் வந்து நின்றது. கல்லைக் கொடுத்த அதே தொரையும் தொரசாணியும் இறங்கினார்கள். மாஸ்டர் ஓடினார். ஓடினார் என்றால் உண்மையாகவே ஓடினார். தோட்டத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறார்களாம், கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டதாம். தொரை இங்கிலீஷில் சொன்னதை அவ்வளவுதூரம் என்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது. அவர் கல்லைத் திரும்பக் கேட்க வந்திருந்தார். பங்களாவில் காற்றுக்குக் கதவு அடிக்காமலிருக்க முன்பு அதைத்தான் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள் என்றும், ஊரில் வாங்கியிருக்கும் வீட்டிலும் கதவுகள் அடிக்கின்றன என்றும் தொரசாணி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மாஸ்டரே அலுமாரியைத் திறந்து, வெல்வெட்டோடு கல்லை எடுத்தார். தூக்குவதற்கு அத்தான் பாய்ந்து வந்தார். சரிகைக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லை நெஞ்சில் அணைத்தபடி படியிறங்கினார்.

"டேய், மெதுவா. கீழ போடாதே" என்றார் தொரை. கல்லூரிப் பியூன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"சரிங்க தொரை" என்றார் அத்தான்.

தொரசாணி வெல்வெட்டை உருவி மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, கல்லைக் காருக்குள் பழைய சப்பாத்து ஜோடிகளின் பக்கத்தில் வைத்தாள். கார் வளைவில் மறையும்வரை மாஸ்டர் கையசைத்தார். பிறகு திரும்பி வந்து, துணியை மடித்தபடி என்னிடம் சொன்னார்:

"இனிப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பெரிய கல்லு போயிட்டுது. இனி உடையிறதுக்கு ஒண்டுமில்லை."

அந்த மனுஷர் இதைப் பெரிய மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வேணாங்க சார். இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து அதுங்களுக்கு எதைக் காட்டுறது, எங்க அத்தானோட அலுமாரியவா?" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது அத்தானின் முகம் மலர்ந்தே இருந்தது.

"தொரை எங்கிட்டத் தமிழ்லயே பேசினாரு, கவனிச்சியா?"

"கவனிச்சேன் அத்தான். டேய்னு கூப்பிட்டாரு."

அதற்குப் பிறகு வெகுநாள் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மா என்னைத்தான் திட்டினாள்.

பிள்ளைகளிடம் பிரயாணம் என்று சொல்லியாகிவிட்டது. சிலருக்குத் தாய்மார் புதுச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தார்கள். அதனால் தலவாக்கலையில் ரயிலேற்றி, நாட்டிலேயே உயரமான ஸ்டேஷனான பட்டிப்பொலவுக்குக் கூட்டிப் போனேன். அங்கே பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிளாட்பாரத்தில் வரிசையாக உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைத் தின்றோம். ஒரு பெண்பிள்ளைக்குக் குளிரில் பல் கிட்டியது. என் சால்வையைப் போர்த்தி மடியில் வைத்துக்கொண்டேன். திரும்பும் ரயில் வந்ததும் எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் அவள்தான்.